லெக்ஸஸ் சிடி 200ஹெச் டீசலிடம் ஏன் தடுமாறியது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நம் கார் நண்பர்கள் வட்டத்தில் போன வாரம் ஒரு பேச்சு சூடாக ஓடியது. டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸின் சிடி 200ஹெச் என்ற சின்ன ஹைப்ரிட் கார் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்), ஐரோப்பாவில் பிஎம்டபிள்யூ, ஆடி டீசல்களுக்கு முன்னால் ஏன் எடுபடவில்லை என்பதுதான் அது. நான் இங்கிலாந்தில் ஒன்பது வருடம் ஹைப்ரிட் வண்டிகளில் வேலை பார்த்தவன். அந்த சிடியை நான்கு வருடம் சொந்தமாக ஓட்டினேன். இப்போது சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருக்கிறேன். கேள்விகளை அனுப்பச் சொன்னேன், நிறைய வந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

பீளமேடு, கல்லூரி மாணவர்: அண்ணா, டொயோட்டாவின் தொழில்நுட்பம், லெக்ஸஸின் தரம், இரண்டும் இருந்தும் ஏன் தோற்றது?

தம்பி, வண்டி மட்டமில்லை. அது ஓட வேண்டிய சாலை வேறு, விற்கப்பட்ட சாலை வேறு.

ஹைப்ரிட் எங்கே பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறது என்று முதலில் பார். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாகத் திருப்பி எடுக்கிறது. சிக்னலில் நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் எஞ்சினை அணைத்துவிடுகிறது. லாபம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான். ஜெர்மனியில் ஒருவர் 130 கி.மீ. வேகத்தில் இரண்டு மணி நேரம் நிற்காமல் போகிறார். அவர் பிரேக்கும் தொடுவதில்லை, எஞ்சினும் அணைவதில்லை. அந்த இரண்டு மணி நேரமும் சிடி ஒரு சாதாரண 1.8 லிட்டர் பெட்ரோல் கார்தான், கூடவே பேட்டரியின் எடை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 90-இலிருந்து 130-க்குப் போனால் தடை இரண்டு மடங்கு. அந்தப் பாரத்தை இழுப்பதில் டீசல் கெட்டிக்காரன். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி கூடுதலாகவும் இருக்கிறது.

அடுத்தது இழுவை. சிடியின் எஞ்சின் 99 குதிரைத்திறன், பேட்டரியையும் சேர்த்தால் 136. எஞ்சினின் டார்க், அதாவது சுழற்றும் விசை, 142 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றில். அதே காலத்து பிஎம்டபிள்யூ 118டி டீசல் 143 குதிரைத்திறன்தான், ஆனால் 320 நியூட்டன் மீட்டரை 1,750 சுற்றிலேயே கொடுத்துவிடும். கால் வைத்ததும் முதுகு சீட்டில் ஒட்டும். மின் மோட்டார் 207 நியூட்டன் மீட்டர் என்று விளம்பரத்தில் பார்த்திருப்பாய். புறப்படும்போது அது உண்மைதான், சிக்னலில் சிடி சுறுசுறுப்பாகவே கிளம்பும். வேகம் ஏறினால் அந்த டார்க் இறங்கிவிடும். பேட்டரியும் 27 கிலோவாட்டுக்கு மேல் தராது. 100-ஐத் தொட சிடிக்கு 10.3 வினாடி, உச்ச வேகம் 180. காரின் உடம்பு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி, சஸ்பென்ஷன் விறைப்பு. பார்த்தவர்கள் வேகத்தை எதிர்பார்த்தார்கள். உள்ளே இருந்தது டொயோட்டாவின் சாதாரண ஹைப்ரிட் காரான மூன்றாம் தலைமுறை பிரியஸின் எஞ்சின், மோட்டார், பேட்டரி.

மூன்றாவது காரணம் வெளியே தெரியாது. பிஎம்டபிள்யூ ஒன் சீரிஸிலும் ஆடி ஏ3-யிலும் பெட்ரோல், டீசல் என்று ஒரு வரிசையே இருந்தது. வாங்குபவர் தன் ஓட்டத்துக்கும் பணத்துக்கும் ஏற்றதை எடுக்கலாம். சிடியில் ஒரே ஒரு எஞ்சின். பிடிக்கவில்லையென்றால் ஷோரூமை விட்டு வெளியே வர வேண்டியதுதான்.

அவினாசி: மைலேஜ் எவ்வளவு கொடுத்ததுங்க?

எனக்கு ஊருக்குள் லிட்டருக்கு 19, மோட்டார்வேயில் (இங்கிலாந்தின் விரைவுச் சாலை) 17. கூட வேலை பார்த்தவரின் 118டி மோட்டார்வேயில் 20, ஊருக்குள் 14. இந்த நான்கு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

கம்பெனி சொன்ன மைலேஜ் இதைவிட மிக அதிகம். அப்போது ஐரோப்பாவில் இருந்த பழைய சோதனை முறை 11 கி.மீ. தூரம், 1,180 வினாடி. சராசரி வேகம் 34 கி.மீ.கூட இல்லை. நின்று நின்று போகும் சோதனை என்பதால் ஹைப்ரிட்டுக்கு நல்ல மார்க் கிடைத்தது. அந்த எண்ணை நம்பி வாங்கிய நெடுஞ்சாலைக்காரர்கள் ஏமாந்து போனார்கள், அடுத்தவரிடமும் அதைச் சொன்னார்கள்.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: ஹைப்ரிட்டில் மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி மெதுவாகத்தான் வருகிறது. பெல்ட் நழுவுகிறதோ?

பெல்ட்டே இல்லைங்க. பலர் இதை சிவிடி எனும், கியர் படிகள் இல்லாத பெல்ட் கியர்பாக்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி. நடுப் பல்லில் ஒரு ஜெனரேட்டர், அதைச் சுற்றி ஓடும் சின்னப் பற்களைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சின், வெளி வளையத்தோடு சக்கரமும் பெரிய மோட்டாரும். ஜெனரேட்டரின் வேகத்தை மாற்றினால் எஞ்சின் எந்தச் சுற்றில் வேண்டுமானாலும் ஓடலாம். நீங்கள் முழுதாக மிதித்தால் கம்ப்யூட்டர் எஞ்சினைக் கூடுதல் சக்தி தரும் சுற்றுக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவிடும். வண்டியின் வேகம் பின்னால் மெல்ல வரும். சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறிப் பழகிய காதுக்கு அது கோளாறு மாதிரி கேட்கும். தேயக் கிளட்ச் இல்லை, அறுந்துபோகப் பெல்ட் இல்லை. நான் திறந்து பார்த்த வண்டிகளில் மிகவும் உழைத்த பாகம் இதுதான். பாதி மிதியில் ஓட்டிப் பழகுங்கள், அமைதியாகப் போகும்.

கோபி: லண்டனில் இருக்கும் என் மச்சான் தன் சிடியை இங்கே கொண்டுவர முடியுமா?

முடியாது. மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய நம் நாட்டில் அனுமதி இல்லை. சிடியின் உற்பத்தியே 2022-இல் நின்றுவிட்டது.

பெருந்துறை: ஐரோப்பாவில் ஹைப்ரிட்டுக்கு வரிச் சலுகை உண்டே? பிறகு ஏன் டீசல் வாங்கினார்கள்?

நல்ல கேள்வி. ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 65.45 சென்ட் எரிபொருள் வரி, டீசலுக்கு 47.04. லிட்டருக்கு 18 சென்ட் மிச்சம். ஆனால் வண்டி வரியில் டீசல்காரர் அதிகம் கட்ட வேண்டும். 100 சிசிக்கு டீசலுக்கு 9.50 யூரோ, பெட்ரோலுக்கு 2 யூரோ. 2.0 லிட்டர் டீசலுக்கு வருடம் 190 யூரோ, 1.8 பெட்ரோலுக்கு 36. இது கார்பன் அளவுக்கான வரி சேராமல். வித்தியாசம் 154 யூரோ. அதை 18 சென்ட்டால் வகுத்தால் 850 லிட்டர் சொச்சம் வரும். அதாவது, லிட்டருக்கு 18 கி.மீ. என்று வைத்தால், வருடத்துக்கு 15,000 கி.மீ. தாண்டி ஓடுபவருக்கு டீசல் லாபம். நீண்ட தூரம் ஓடும் கம்பெனிக் கார்களெல்லாம் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

லண்டனில் மட்டும் கதை வேறு. நகருக்குள் நுழையும் கட்டணத்தில், கிலோமீட்டருக்கு 100 கிராம் கார்பனுக்குள் இருக்கும் கார்களுக்கு 2011-இலிருந்து விலக்கு இருந்தது. சிடிக்கு அது கிடைத்தது. ஆனால் சின்ன டீசல் கார்களும் 99 கிராமுக்கு வந்து அதே விலக்கை வாங்கிக்கொண்டன. 2013-இல் வரம்பை 75 கிராமாக இறக்கியதும் புதிதாக வாங்குபவர்களுக்கு இரண்டிலும் அது இல்லாமல் போனது.

திருப்பூர், பனியன் கம்பெனி: பேட்டரி எத்தனை வருடம் வரும்?

நான் பல தடவை சொல்வது, மறுபடியும் சொல்கிறேன். பேட்டரியைக் கொல்வது ஓட்டம் இல்லை, சூடு. சிடியில் பேட்டரி டிக்கித் தளத்துக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று காருக்குள்ளிருந்து, பின் சீட்டின் பக்கத்தில் உள்ள சல்லடை வழியாகப் போகிறது. அந்தச் சல்லடையில் பை வைக்காதீர்கள், துண்டு போடாதீர்கள்.

உங்கள் ஊருக்கு இது இன்னும் முக்கியம். பனியன் கம்பெனிக்குள் போய்வந்த சட்டையில் ஒட்டிய பஞ்சு முழுவதும் அந்தச் சல்லடையில்தான் போய்ச் சேரும். நான் இங்கிலாந்தில் பழைய சிடி வாங்கியபோது, எல்லாம் சர்வீஸ் செய்தாகிவிட்டது என்று விற்றவர் சத்தியம் செய்தார். மூன்றாம் மாதம் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கழற்றிப் பார்த்தால் ஃபேன் முழுவதும் நாய் முடி. பணம் கொடுத்து இரண்டு செல் தொகுதியை மாற்றினேன். அன்றிலிருந்து எந்த ஹைப்ரிட் வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்தச் சல்லடையைத்தான். உங்கள் வண்டியில் அது எங்கே என்று மேனுவலில் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாக்குவம் பிடியுங்கள். ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் தொடாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

மேட்டுப்பாளையம்: ஊட்டியிலிருந்து இறங்கும்போது பேட்டரி ஏறிக்கொண்டே வருமே. மலைக்கு ஹைப்ரிட்தானே ராஜா?

கணக்குப் போடுவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், உங்கள் ஊர் முந்நூற்றுச் சொச்சம். இறக்கம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடு 1,500 கிலோ வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கினால் வெளிப்படும் சக்தி, கரண்ட் பில் கணக்கில், எட்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சிடியின் பேட்டரி மொத்தமே 1.3 யூனிட். அதிலும் ஆயுளுக்காக அரை யூனிட் அளவைத்தான் வண்டி புழங்கவிடும். டயரும் காற்றும் தின்றது போக, குன்னூரைத் தாண்டுவதற்குள் பேட்டரி நிறைந்துவிடும். மிச்ச இறக்கத்தின் சக்தியை வாங்கிக்கொள்ள இடமில்லை.

நாமக்கல், லாரி உரிமையாளர்: தம்பி, அப்போ மலைக்கு டீசல்தான் என்று நம் வட்டத்தில் நான் சொன்னதுதானே சரி? பேட்டரி நிறைந்தபின் பிரேக் சூடாகிக் கடைசியில் பிடிக்காது. டீசல் என்றால் செகண்ட் கியரில் போட்டு நிம்மதியாக இறங்கலாம்.

இல்லைங்கண்ணா. லீவரில் 'பி' (ஆங்கில B, பார்க்கிங்குக்கான P இல்லை) என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் போட்டால், சக்கரத்திலிருந்து வரும் மின்சாரத்தை ஜெனரேட்டருக்கு அனுப்பி, பெட்ரோல் இல்லாமலேயே எஞ்சினைச் சுழற்றும். மிச்ச சக்தி அங்கே செலவாகும். எஞ்சின் கத்தும், பயப்பட வேண்டாம். இந்த 'பி'யைத் தெரியாமல் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குபவர்களுக்குத்தான் நீங்கள் சொல்லும் ஆபத்து.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்றை அடைக்கும் தகடு வழக்கமாகக் கிடையாது. அதனால் தானாக வரும் எஞ்சின் பிரேக் அதில் குறைவு. உங்கள் லாரியில் புகைக்குழாயை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைத்திருப்பதே அதற்காகத்தானே?

மறுபடியும் நாமக்கல்: எக்ஸாஸ்ட் பிரேக் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஏற்றத்துக்கு என்ன சொல்கிறாய்? கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை. உன் ஹைப்ரிட் மூச்சு வாங்கும்.

வாங்கும். அங்கே உங்கள் பக்கம்தான் நியாயம். பேட்டரியின் அரை யூனிட் முதல் சில வளைவுகளிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் 99 குதிரைத்திறன் எஞ்சின் தனியாக, அதிக சுற்றில், இரைந்துகொண்டே ஏறும். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து மறுபடி இழுக்க வேண்டிய இடத்தில் 320 நியூட்டன் மீட்டர் டீசல் சிரமப்படாது. ஊட்டி ஏற்றத்தில் வெறும் உயரத்துக்கு மட்டுமே சக்கரத்துக்கு எட்டு யூனிட் போக வேண்டும். லிட்டர் பெட்ரோலுக்கு மூன்று யூனிட் சொச்சம் சக்கரத்துக்கு வந்தால் பெரிது, ஆக இரண்டரை லிட்டர் உயரத்துக்கே போய்விடும். மலையிலேயே குடியிருந்து தினமும் மூட்டையோடு ஏறி இறங்குபவருக்கு நானும் டீசலைத்தான் சொல்வேன்.

பொள்ளாச்சி: ஹைப்ரிட் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

இதே கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. அவினாசிக்காரருக்கு மேலே சொல்லியிருக்கிறேன், படித்துவிட்டுக் கேளுங்கள்.

காங்கயம்: ஏசி கூலிங் குறைகிறது, கேஸ் போடலாமா?

இன்றைய பேச்சு அதில்லைங்க. பக்கத்தில் நல்ல ஏசி மெக்கானிக்கிடம் முதலில் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். ஹைப்ரிட் வண்டியாக இருந்தால், ஏசி கம்ப்ரஸரே உயர் மின்னழுத்தத்தில் ஓடும். அதற்கான எண்ணெயை மாற்றி ஊற்றிவிட்டால் மின்காப்பு கெட்டுப்போகும். அது தெரிந்தவரிடம் மட்டும் போங்கள்.

கரூர்: 2015-இல் டீசல் மோசடி வெளிவந்ததே. அதற்குப் பிறகாவது சிடி ஜெயித்திருக்க வேண்டாமா?

சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்ததாக, 2015 செப்டம்பர் 18-இல் அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு ஃபோக்ஸ்வாகனுக்கு நோட்டீஸ் கொடுத்தது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 1.1 கோடி கார்கள். 2011 வாக்கில் மேற்கு ஐரோப்பாவின் புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல்தான். மோசடி வெளிவந்தபிறகு அந்தப் பங்கு வருடா வருடம் சரிந்தது. காற்றடித்தது ஹைப்ரிட் பக்கம்தான். ஆனால் சிடி 2010 ஜெனிவா கண்காட்சியில் வந்த வண்டி. இடையில் முகம் திருத்தினார்கள், உள்ளே அதே பிரியஸ் எந்திரம். அதற்குள் வாங்குபவர்கள் உயரமான எஸ்யூவி பக்கம் போய்விட்டார்கள், லெக்ஸஸும் 2018-இல் யுஎக்ஸ் என்று அந்த உருவத்துக்கே மாறியது. ஐந்து வருடம் முன்பே 2 லிட்டர் ஹைப்ரிட் எஞ்சினைப் போட்டிருந்தால் என்று எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. அவ்வளவு நன்றாகக் கட்டிய வண்டி அது.

தாராபுரம்: நம் ஊரில் இப்போது ஹைப்ரிட் வாங்கலாமா, டீசலா?

ஒரு வாரம் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். காந்திபுரம், பீளமேடு, அவினாசி ரோட்டில் புது ஜி.டி. நாயுடு மேம்பாலத்துக்குக் கீழே, சிக்னல் சிக்னலாக நின்று போகிற வேலை என்றால் ஹைப்ரிட். தினமும் சேலம், கொச்சி என்று நெடுஞ்சாலையில் நூறு கி.மீ.க்கு மேல் போகிறீர்கள் என்றால் டீசல். இப்போதைய பிஎஸ்6 டீசலைத் தினமும் நான்கு கி.மீ. மட்டும் ஓட்டினால், புகை வடிகட்டியில் கரி அடைத்துக்கொண்டு பட்டறைக்குத்தான் வரும். ஹைப்ரிட் எடுத்தால் சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள். உங்கள் காற்றாலைப் பக்கத்துப் புழுதி பஞ்சுக்குச் சளைத்ததில்லை.

கடைசியாக நாமக்கல்: தம்பி, பேசியது போதும். ஓட்டிக் காட்டுகிறாயா?

காட்டுகிறேன் அண்ணா. வீட்டில் டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட் இருக்கிறது, அதன் பேட்டரி இன்னும் சின்னது, முக்கால் யூனிட்தான். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகில் நிற்கிறேன். உங்கள் டீசலை எடுத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு வண்டியிலும் டேங்க்கை வாய் வரை நிரப்பிக் கோத்தகிரி ஏறி இறங்கி, திரும்ப நிரப்பிப் பார்ப்போம். இறங்கும்போது என் பக்கத்து சீட்டில் உட்காருங்கள், 'பி'யில் போட்டுக் காட்டுகிறேன்.