தாழ்ப்பாள் கேட்கும் மகள்

அன்புள்ள மேடம்,

என் மகளுக்கு 24 வயது. லேசான அறிவுத்திறன் குறைபாடு, கூடவே வலிப்பும் உண்டு. பக்கத்துத் தெரு தையல் கடையில் பட்டன் தைக்கப் போகிறாள். தன் வேலைகளைத் தானே செய்துகொள்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன் குளிக்கும்போது வலிப்பு வந்து விழுந்தாள். நெற்றியில் 4 தையல். அன்றைக்கே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். அவள் குளித்து முடிக்கும்வரை கதவைத் திறந்துவைத்து எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். போன மாதம், "எனக்குத் தாழ்ப்பாள் வேணும்மா" என்றாள். முடியாது என்றேன். அதிலிருந்து நைட்டியோடு குளிக்கிறாள், சில நாள் குளிப்பதே இல்லை. "அவ குழந்தை மாதிரி, அவளுக்கென்ன வெட்கம்" என்கிறார் என் வீட்டுக்காரர். அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் அவள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என்ன செய்வது?

- ஒரு தாய், மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் வீண் பயம் இல்லை. வலிப்பு உள்ளவர்களுக்குக் குளியலறை ஆபத்தான இடம்தான். ஆனால் உங்கள் மகள் நைட்டியோடு குளிப்பது அடம் இல்லை. மறைத்துக்கொள்ள அவளிடம் வேறு எதுவும் இல்லை. அவள் குழந்தையும் இல்லை, 24 வயதுப் பெண். இதை உங்கள் கணவரிடம் அழுத்தமாகவே சொல்லுங்கள்.

1972இல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பெர்ஸ்கி இதைப் பற்றி எழுதினார். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை எல்லா ஆபத்திலிருந்தும் பொத்திப் பொத்தி வைத்தால், அவர்கள் மனிதர்களாக வாழ்வதற்கான மரியாதையையே பறித்துவிடுகிறோம் என்பது அவர் வாதம். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் காப்பாளர் தனியாக முடிவெடுப்பதை ஏற்கவில்லை. சம்பந்தப்பட்டவரோடு பேசி, சேர்ந்தே முடிவெடுக்கச் சொல்கிறது.

சரி, இனி கதவுக்கு வருவோம். கதவு உள்பக்கமாகத் திறப்பதா? அப்படியானால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். விழுந்தவர் கதவின் மேலேயே சாய்ந்து கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. ஆசாரியிடம் சொல்லி வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே திருகிப் பூட்டினாலும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திறக்கிற பூட்டு கிடைக்கிறது. அதைப் போடலாம்.

உட்கார்ந்து குளிக்க அகலமான ஸ்டூல், வழுக்காத தரை, கொதிக்காத வெந்நீர். பெரிய அண்டாவில் நீர் நிரப்பி வைக்க வேண்டாம். அதில் முகம் கவிழ்ந்தால் கொஞ்ச நீரே போதும், உயிருக்கு ஆபத்து. வீட்டில் யாராவது இருக்கும் நேரத்தில்தான் குளியல். மாத்திரை தவறிய நாளிலும் தூக்கம் கெட்ட நாளிலும் தாழ்ப்பாள் கிடையாது. இதையெல்லாம் நீங்கள் மட்டும் முடிவு செய்யாமல் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். இடையிடையே நீங்கள் கூப்பிட்டால் அவள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டும் சத்தமில்லை என்றால் திறப்பீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவள் பதில் சொன்னால் திறக்கக் கூடாது. உங்களுக்குக் கஷ்டமான பகுதி அதுதான் என்று எனக்குத் தெரியும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியோ வாயில் துணியோ கரண்டியோ வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தாழ்ப்பாள் விஷயத்தை அவளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அப்புறம், பூட்டு வாங்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எது திருக வசதி என்று அவள் கைக்குத்தான் தெரியும்.