வாசகர் கேள்வி: வலேரியனை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு புத்தகம் வாசித்துப் பேசுகிறோம். அடுத்த மாதத்துக்கு ‘வலேரியன் – லாரலின்’ என்ற பிரெஞ்சு அறிவியல் புனைகதை காமிக்ஸை ஒருவர் சொன்னார், காலத்திலும் விண்வெளியிலும் பயணம் போகிற இரண்டு அரசு முகவர்களின் கதையாம். “படக்கதைக்கு எதுக்கு கூட்டம்?” என்று எங்கள் மூத்தவர் முறைக்கிறார். வாசிக்கலாமா? முதல் ஆல்பத்தில்தான் (தொடரின் ஒவ்வொரு புத்தகத்தையும் ஆல்பம் என்கிறார்கள்) தொடங்க வேண்டுமா?
— வாசகர், வடசேரி

தாராளமாக வாசியுங்கள். முறைக்கிற அண்ணாச்சியிடம் இரும்புக்கை மாயாவியைத் தெரியுமா என்று மட்டும் கேளுங்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் அந்த மாயாவியோடுதான் தொடங்கியது, அவர் வயதுக்காரர்கள் அதை வாடகைக்கு எடுத்தாவது வாசித்திருப்பார்கள்.

முதல் ஆல்பத்தில் தொடங்காதீர்கள். பியேர் கிறிஸ்தான் எழுத, ழான்-குளோத் மெஸியேர் வரைய, 1967-இல் ‘பிலோத்’ என்ற வார இதழில் தொடங்கிய தொடர் இது. ஆரம்பத்தில் இருவருமே கை பழகிக்கொண்டிருந்தார்கள், அது பக்கத்தில் தெரிகிறது. நான்காவது ஆல்பத்தை எடுங்கள். அதில் அல்ஃப்லோலோல் என்ற கிரகத்தின் பூர்வகுடிகள் ஊர் சுற்றப் போய்விட்டு நாலாயிரம் வருஷம் கழித்துத் திரும்புகிறார்கள் (அவர்களுக்கு ஆயுள் அப்படி). வந்து பார்த்தால் பூமிக்காரர்கள் அங்கே ஆலையும் சுரங்கமுமாகக் கட்டி, ஊர்ப் பெயரையே டெக்னோரோக் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்க, உள்ளே இருப்பவர்கள் சட்டம் பேசுகிறார்கள், பிறகு வீட்டுக்காரர்களையே ஒதுக்குப்புறமாக ஓரிடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். லாரலின் யோசிக்காமல் அந்தப் பூர்வகுடிகளின் பக்கம் போய்விடுகிறாள். வலேரியன் அரசு ஊழியன், மேலிடத்து உத்தரவுக்கும் மனசாட்சிக்கும் நடுவில் நெளிகிறான்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தாதுமணல் அள்ளுவதைப் பற்றி அபிப்பிராயம் உள்ளவர் ஒருவராவது உங்கள் எட்டுப் பேரில் இருப்பார், பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிக்காரப் பழங்குடிகளின் காட்டு உரிமை பற்றித் தெரிந்தவர் இன்னொருவர் இருப்பார். அப்புறம் கூட்டத்தை முடித்து வீட்டுக்கு அனுப்புவதுதான் உங்கள் கஷ்டம்.

கேள்வி: வலேரியன் தொடரில் ‘நிழல்களின் தூதர்’ ஆல்பத்தை வாசித்தோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது! இதில் இரண்டு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?
— வாசகி, மார்த்தாண்டம்

நீங்கள் பேச்சு பலூன்களை மட்டும் வாசித்திருக்கிறீர்கள். 1975-இல் வந்த அந்த ஆல்பத்தில் கதை நடக்கிற இடம் மையப்புள்ளி என்ற பிரமாண்ட நிலையம். பல இனத்தார் ஆளுக்கொரு அறையாகக் கொண்டுவந்து ஒட்டி ஒட்டி வளர்ந்தது, யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. ஒவ்வோர் அறைக்கும் தனிக் காற்று, தனி வெளிச்சம், தனி மரியாதை. இதைப் பலூனில் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள், படத்தில்தான் பார்க்க வேண்டும். வலேரியனைத் தொடக்கத்திலேயே கடத்திவிடுகிறார்கள், தேடிப் போவது முழுக்க லாரலின்தான். துப்பு விற்கிற ஷிங்குஸ் என்ற மூன்று குட்டி வியாபாரிகள் இருக்கிறார்கள், உண்மையைச் சொல்லவும் காசு கேட்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க அவள் கையில் ஒரு சிடுமூஞ்சி விலங்கு, எந்த ஊர் நாணயத்தைக் கொடுத்தாலும் பெருக்கித் தரும். ஒவ்வொரு முறையும் அதன் மூஞ்சி போகிற போக்கைப் பாருங்கள், அதற்கே பதினைந்து நிமிடம் போய்விடும்.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு பக்கத்தை விரித்து வைத்து, ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்காமல் பாருங்கள். கண் முதலில் எங்கே போயிற்று, ஓரத்தில் தன் பாட்டுக்கு நிற்கிற ஜந்து யார், எந்தக் கட்டத்தில் நிறம் மாறியது என்று ஆளாளுக்குச் சொல்லட்டும். நிறம் தீட்டிய எவ்லின் திரான்லே, மெஸியேரின் சகோதரி. அவர் பெயரைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்னொன்று, லாரலின் முதல் கதையோடு போயிருக்க வேண்டியவள், வாசகர்களுக்குப் பிடித்துப்போனதால் தங்கினாள். அது நடக்காமல் வலேரியன் மட்டும் இருந்திருந்தால், என் கணக்கில், இந்தத் தொடரை இன்று யாரும் சீந்த மாட்டார்கள்.

கேள்வி: 2017-இல் வந்த சினிமாவைப் பார்த்தால் போதாதா?
— வாசகர், தக்கலை

போதாது. படம் மேலே சொன்ன ஆல்பத்திலிருந்துதான் பெரும்பாலும் எடுத்தது, ஆனால் லாரலினுக்கு உரிய வேலையில் பாதியை வலேரியனிடம் கொடுத்துவிட்டது.

கேள்வி: முதல் ஆல்பத்தில் 1986-இல் வடதுருவத்தில் குண்டுகள் வெடித்து, பனி உருகி, நியூயார்க் மூழ்குகிறது. 1986 போய் எத்தனை காலம்! இதை இப்போது எப்படி வாசிப்பது?
— வாசகர், குளச்சல்

அந்தக் கதை பத்திரிகையில் வந்தது 1968-இல். அப்போது 1986 ரொம்ப தூரம். வருஷம் நெருங்க நெருங்க எழுதியவர்களுக்கே நெருக்கடி ஆகிவிட்டது. சும்மா விட்டிருக்கலாம், விடவில்லை. 1984, 85-இல் வந்த இரண்டு ஆல்பங்களில் அந்தப் பேரழிவே நடக்காமல் போகிறது. நல்லதுதானே என்றால், அதன் மேல் எழுந்த எதிர்காலமும், வலேரியனும் லாரலினும் வேலை பார்த்த தலைநகரமும் சேர்ந்து காணாமல் போய்விடுகின்றன. (கதையை உடைத்துவிட்டேன், பரவாயில்லை, வாசிக்கும்போது மறந்திருப்பீர்கள்.) சொந்தக் கதையின் அஸ்திவாரத்தைத் தாங்களே பிடுங்குகிற தைரியம் எத்தனை தொடர்களுக்கு உண்டு? ஆகவே முதல் ஆல்பத்தைக் கடைசியில், இந்த இரண்டோடு சேர்த்து வாசியுங்கள். கடல் ஊருக்குள் வந்ததை 2004-இல் பார்த்த குளச்சலில் அந்த வெள்ளப் பக்கங்களை வெறும் கற்பனை என்று யாரும் புரட்ட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கேள்வி: ஆங்கிலப் பதிப்புதான் கிடைத்தது, அதுவும் ஒரே பிரதி. எங்களில் மூன்று பேருக்கு ஆங்கிலம் வராது. என்ன செய்ய?
— வாசகி, குலசேகரம்

ஒருவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தமிழில் சொல்லட்டும், மற்றவர்கள் படத்தைப் பார்க்கட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற திருட்டு பிடிஎஃப் வேண்டாம், கைப்பேசித் திரையில் மெஸியேரின் கூட்டக் காட்சிகள் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். முடிந்தால் பங்கு போட்டு இன்னொரு பிரதி வாங்குங்கள். ஏத்தம்பழ பஜ்ஜியைப் புத்தகத்தை மூடின பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள்.