மடையின் சாவி

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளில் அதிகாரப் பரவலாக்கம் என்ற சொல் அடிக்கடி வருகிறது. நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். கொரோனா காலத்தில் ஒன்றரை வருடம் ஊரிலிருந்தே வேலை பார்த்தேன். எதுவும் கெட்டுப்போகவில்லை. இப்போது மறுபடி அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார்கள்.

அரசு, வேலை, பொருளாதாரம் எல்லாவற்றையும் பரவலாக்குவது நல்லது என்று மேலோட்டமாகப் புரிகிறது. ஆனால் கிராமத்துக்கு அதிகாரம் கொடுத்தால் அது ஆதிக்கச் சாதியின் கைக்குத்தானே போகும்? அம்பேத்கர் அதைத்தானே எச்சரித்தார்? எங்கள் பஞ்சாயத்தில் இருந்தவர்கள் அதிகம் படித்தவர்களும் இல்லை. நான் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

கே., சென்னை

அன்புள்ள கே.,

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கண்மாய்க் கரையில் நடந்தபோது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நடுமடையின் இரும்பு ஷட்டர் துருவேறி, பாதி இறங்கிய நிலையில் அப்படியே நின்றது. அதில் ஒரு பழைய பூட்டு. திரும்பி வந்த நாளிலிருந்து அந்தப் பூட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது அந்த மடைக்குப் பூட்டு கிடையாது. நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தார். மார்கழிக் குளிரிலும் தண்ணீருக்குள் முங்கி, மடைத் துளையை அடைத்திருக்கும் கட்டையை எடுப்பார். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவர் கணக்கு. கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. அதனால்தான் அவரை எல்லோரும் நம்பினார்கள். அறுப்பு முடிந்ததும் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். அந்த நெல்லுக்கு எங்கள் ஊரில் சுதந்திரம் என்று பெயர்.

ஒரு வருடம் தை மாதமே கண்மாய் வற்றத் தொடங்கிவிட்டது. பயிர் பொதி கட்டுகிற நேரம். கரையில் ஊர் கூடியது. இருக்கிற தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு வயலுக்குத்தான் காணும். ஆளாளுக்குத் தன் நிலத்தில் ஒரு பங்கை மட்டும் காப்பாற்றிக்கொள்வது, மீதியை விட்டுவிடுவது என்று முடிவானது. பன்னிரண்டு ஏக்கர்க்காரருக்கும் அதுதான், முப்பது சென்ட்காரருக்கும் அதுதான். எங்கள் வயலில் இரண்டு பங்கு கண்ணெதிரே காய்ந்தது. அப்பா யாரையும் திட்டவில்லை. அந்த முடிவை எடுத்த கூட்டத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார்.

பரவலாக்கத்தின் நன்மை என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அன்றைக்குத் தண்ணீர் ஒரு குடம்கூடக் கூடவில்லை. ஆனால் இழப்பைச் சுமக்கப்போகிறவர்களே அதைப் பங்கிட்டார்கள்.

அப்புறம் ஷட்டர் வந்தது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் அந்தக் கண்மாய் மாநில அரசிடம், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம் என்பது நடைமுறை. எங்களுடையது பெரிய கண்மாய். ஆகவே சாவி டவுனில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஐப்பசியில் ஒரு ராத்திரி விடாத மழை. உபரி நீர் வழிகிற கலுங்கு தாங்கவில்லை. மடையைத் திறந்தாக வேண்டும். இரண்டு பேர் சைக்கிளில் மழையோடு டவுனுக்குப் போனார்கள். பொறுப்பானவர் வெளியூரில் இருந்தார். காலையில்தான் அனுமதி கிடைக்கும் என்றார்கள். விடிவதற்குள் கரை உடைந்து, கீழ்த்தெருவில் தண்ணீர் புகுந்தது. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. கரை உடைந்தால் அவர் வீட்டுக்குள் தண்ணீர் வராது, அவ்வளவுதான்.

இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. கண்மாய் வேலைக்கு வராதவனைத் தண்டிக்க வெள்ளைக்கார அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. குடிமராமத்து என்று ஊர் தானாகச் செய்துவந்த வேலை அது. வரி வருமானம் மேலே போய்விட்டது, உழைப்பு மட்டும் கீழேயே நின்றது. பிறகு யார் மண்வெட்டியோடு கரைக்கு வருவார்கள்? தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு மடை திறக்க முடியுமா?

சரி, அம்பேத்கருக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தை அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் இடம் என்றுதான் சொன்னார். அதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. எல்லோரும் நம்பிய அந்த நீர்ப்பாய்ச்சி, கரையில் ஊர் கூடியபோது தள்ளித்தான் நின்றார். தலித் என்பதால் அவரை உட்காரச் சொல்ல ஆளில்லை. அவர் கையில் மடை இருந்தது, கூட்டத்தில் இடம் இல்லை. நானும் அன்று அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பையன்தான். இப்போது நினைத்தாலும் நெஞ்சை அறுக்கிறது.

ஆனால் இதிலிருந்து நீங்கள் போய்ச் சேரும் முடிவு தவறு. மதுரைப் பக்கம் மேலவளவில் 1997 ஜூனில் தலித்துகளுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்தில் வென்ற தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களிலும் 1996 முதல் 2006 வரை பத்து வருடம் தலித் ஒருவரைத் தலைவராக நீடிக்க விடவில்லை. யோசித்துப் பாருங்கள் தம்பி. பயனற்ற நாற்காலிக்காகவா கொலை செய்தார்கள்? பஞ்சாயத்துத் தலைவர் பதவி ஒன்றுமில்லாத பதவி என்றால் அதை யாரோ வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார்களே. அந்த நாற்காலியில் தலித் உட்கார்ந்தால் பொது நிலமும், கண்மாயில் மீன் பிடிக்கும் மீன்பாசி ஏலமும், தெருக்குழாயும் யாருக்கு என்பது மாறும். அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரத்தை டவுனிலோ சென்னையிலோ வைத்தால் ஆதிக்கச் சாதிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தூரத்து அலுவலகம் பணக்காரனுக்கு எப்போதும் பக்கம்தான். அவனிடம் வண்டி இருக்கிறது, அதிகாரியின் போன் நம்பர் இருக்கிறது, ஒரு நாள் வேலை போனாலும் அடுப்பு எரியும். கூலிக்குப் போகிற பெண்ணுக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்வருவது ஒரு நாள் கூலி நஷ்டம். அவளால் நடந்தே போய்ச் சண்டை போட முடிகிற ஒரே அரசு பஞ்சாயத்து அலுவலகம்தான். அதைத்தான் சாதியைக் காரணம் காட்டி அவளிடமிருந்து எடுக்கச் சொல்கிறீர்கள். 2006இல் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்ததற்கு மாவட்ட நிர்வாகத்தின் உறுதி முக்கியக் காரணம். மேலிருக்கும் அரசு செய்ய வேண்டிய வேலை அதுதான்: பலவீனமானவரை நாற்காலியில் உட்காரவிடாமல் தடுப்பவனைத் தடுப்பது. மடையைப் பூட்டிச் சாவியைத் தூக்கிக்கொண்டு போவது அல்ல.

“அதிகம் படித்தவர்களும் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் நீர்ப்பாய்ச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனாலும் மடைக் கணக்கு அவர் கையில்தான் இருந்தது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். உங்கள் மாவட்டமும் அதில் உண்டு. 2016க்குப் பிறகும் மூன்று வருடத்துக்கு மேல் இதேபோல்தான் கிடந்தது. ஊரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாமல் போனதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சட்டமன்றம் மூன்று வருடம் காலியாகக் கிடந்தால் இப்படி இருப்பீர்களா? பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்த 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. 29 துறைகளைப் பஞ்சாயத்துக்குத் தரலாம் என்று பட்டியல் இருக்கிறது. தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவி நீக்க 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு ஆட்சியருக்கு அதிகாரம் கொடுக்கிறது. பக்கத்துக் கேரளம் 1996இல் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. படித்தவர்கள் கோபப்பட வேண்டிய இடங்கள் இவை.

பொருளாதாரம் பற்றி நீளமாக எழுத இப்போது மனமில்லை. திருப்பூரைப் பாருங்கள். பனியன் துணி பின்ன ஒருவர், சாயம் போட ஒருவர், தைக்க ஒருவர் என்று ஜாப் ஒர்க்கிலேயே ஊர் வளர்ந்தது. நான்கு தையல் மிஷினோடு ஒருவர் முதலாளி ஆக முடிந்தது. சாயக்கழிவு நொய்யலைக் கொன்றதும் அங்கேதான். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டி வந்தது. தொழில் சிதறியபோது ஆற்றுக்குப் பொறுப்பாக யாரும் இல்லை. ஆற்றங்கரை ஊர்களின் கையில் அந்த உரிமை இருந்திருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நல்லதுதான். அம்மா கையால் சாப்பிடலாம். ஆனால் உங்கள் நேரத்தையும் வேலையையும் வேறொரு நகரத்தில் யாரோ முடிவு செய்தால், மாறியது உங்கள் மேஜை மட்டும்தான். வேலையை விடலாமா என்பதை உங்கள் கடனையும் வீட்டையும் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அது எனக்குத் தெரியாத கணக்கு.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஆகஸ்ட் 15 உங்களுக்கும் விடுமுறைதான். அன்று ஊரில் கிராம சபை. போய் உட்காருங்கள். நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். மேலே தீர்மானம் எழுதியிருக்கிறதா, வெறும் தாளா என்று பாருங்கள். வெறும் தாளாக இருந்தால் எழுதிய பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள். கூட்டத்தில் யாராவது தள்ளி நின்றால், எழுந்து போய் அவருக்கு நாற்காலி போடுங்கள். உங்கள் கண்மாயின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.