என் பணத்தை எடுக்க எனக்கே கேள்வியா? – வங்கி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: வங்கியில் ரொம்பக் கேள்வி கேட்கிறார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: தாய்மாமன் சீர் செய்வதற்காக என் சேமிப்புக் கணக்கிலிருந்து 6 லட்சம் ரொக்கமாக எடுக்கப் போனேன். "எதுக்கு சார் இவ்வளவு?" என்று நாலு பேர் முன்னால் கேட்கிறார்கள். என் பணத்துக்கு நான் இவர்களிடம் கணக்குச் சொல்ல வேண்டுமா? (மதுரை)

ப: கேட்க அதிகாரம் உண்டு, கேட்கவில்லை என்றால்தான் தப்பு. வாடிக்கையாளரின் தொழில், வருமானம், வழக்கமான வரவு செலவு இவற்றோடு ஒட்டாத பரிவர்த்தனை வந்தால் கவனிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி (வாடிக்கையாளர் யாரென்று அறிந்து வைத்திருக்கும்) விதிகளே சொல்கின்றன. மாதம் இருபதாயிரம் எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று 6 லட்சத்துக்கு ஸ்லிப் எழுதி நீட்டினால் கேஷியர் நிமிர்ந்து பார்க்கத்தான் செய்வார். "தங்கச்சி மக கல்யாணம்" என்று சொன்னால் பத்து வினாடியில் முடிகிற விஷயம். பதில் சொன்ன பிறகு உங்கள் பணத்தைத் தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. கையில் அவ்வளவு ரொக்கம் இல்லை, நாளைக்கு வாங்க என்று சொல்லலாம், அதனால் முந்தின நாளே சொல்லிவைப்பது நல்லது. நாலு பேர் முன்னால் கேட்டது மட்டும் தப்பு, உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், பக்கத்தில் நிற்பவன் யாரென்று யாருக்குத் தெரியும்? அதற்கு மேனேஜரிடம் தாராளமாகச் சண்டை போடுங்கள்.

அது சரி, சீருக்கு எதற்கு இவ்வளவு ரொக்கம்? நகைக்கடைக்காரர் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கு அவருக்கே அபராதம் வரும். பில்லைப் பிரித்துப் போடலாம் என்பார்கள். ஒரே விசேஷத்துக்கு என்றால் பிரித்தாலும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். கடைக்காரர் கணக்குக்கே ஆர்டிஜிஎஸ் முறையில் பணத்தை மாற்றிவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறுங்கள்.

கே: மும்பையிலிருந்து சிபிஐ அதிகாரி வீடியோ காலில் பேசுகிறார். என் ஆதார் எண் ஒரு பண மோசடி வழக்கில் இருக்கிறதாம். 18 லட்சத்தை "சரிபார்ப்புக்கு" அனுப்பினால் இரண்டு நாளில் திருப்பித் தருவார்களாம். வங்கியில் கேட்டால் வீடு வாங்க என்று சொல்லச் சொல்கிறார். அனுப்பலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்)

ப: அனுப்பாதீர்கள்! கடிதத்தில் போன் எண் இருந்ததால் உடனே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், ஆனால் இதையெல்லாம் எனக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கலாமா அம்மா? சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழுத்துங்கள், பக்கத்து வீட்டுக்காரரையாவது கூப்பிடுங்கள். "டிஜிட்டல் கைது" என்று வீடியோ காலில் கைது செய்வது என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார், வங்கிச் சுவரிலெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். வழக்கு விசாரணைக்காக உங்கள் சேமிப்பை வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்லும் போலீஸ் எந்த ஊரிலும் இல்லை. எல்லோரும் இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வங்கியில் பொய் சொல்லச் சொல்கிறவன் திருடன். காரணம் எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும் சரி.

கே: என் அப்பாவுக்கு 74 வயது. 15 லட்சம் எஃப்டியை உடைக்கப் போனபோது அரைமணி நேரம் உட்காரவைத்து விசாரித்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து யாராவது வந்தால்தான் பேசலாம் என்று எனக்கே போன் செய்தார்கள். அப்பா அவமானத்தில் சாப்பிடவில்லை. ஆம்பட்ஸ்மேனிடம் (ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்) எப்படிப் புகார் கொடுப்பது? எதற்காக உடைக்கிறார் என்பதை அப்பா எங்களிடமும் சொல்ல மறுக்கிறார். (குரோம்பேட்டை)

ப: கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். வங்கிக்காரர் சந்தேகப்பட்டார், உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை! ஆம்பட்ஸ்மேனையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் இன்று ராத்திரியே அப்பாவோடு உட்காருங்கள். திட்டாமல் கேளுங்கள். திட்டினால் ஒரு வார்த்தை வராது. வாட்ஸ்அப்பில் புதிதாக ஏதாவது பங்குச்சந்தை குரூப்பில் சேர்ந்திருக்கிறாரா, தெரியாத செயலி ஏதாவது போனில் இருக்கிறதா, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமாவது பேசுகிறாரா என்று பாருங்கள்.

ஹைதராபாத்தில் 2024இல் இதே மாதிரி ஒருவர், 61 வயது, ஸ்டேட் பாங்க் கிளையில் 13 லட்சம் எடுக்க வந்தார். முதலில் சொந்தச் செலவு என்றார், அப்புறம் சொத்து வாங்க என்றார். ஊழியர்கள் விடாமல் கேட்டதில்தான் டிஜிட்டல் கைது என்று அவரை மிரட்டிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. உங்கள் அப்பாவுக்கு ஒன்றுமில்லை, பேரனுக்கு ரகசியமாக பைக் வாங்கித் தர நினைத்தார் என்றால் ரொம்ப சந்தோஷம். அப்போதும் அந்த அதிகாரிக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

கே: 10 லட்சத்துக்கு மேல் போட்டால்தான் கேள்வி என்கிறார்கள். 9 லட்சம், 9 லட்சமாகப் போட்டால்? (பெயர், ஊர் இல்லை)

ப: பெயர் போடாததே பதில் தெரியும் என்பதைக் காட்டுகிறது. ஒரே மாதத்தில் பிரித்துப் போடும் தொகைகளைச் சேர்த்துத்தான் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை போகும், சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரொக்கம் சேர்ந்தால் வருமான வரித்துறைக்கும் போகும். பிரித்துப் போடுவது கம்ப்யூட்டருக்கு இன்னும் பளிச்சென்று தெரியும். சந்தேக அறிக்கை அனுப்பினால் அதை உங்களிடம் சொல்வதற்கும் வங்கிக்கு அனுமதி கிடையாது.

கே: "இந்தப் பரிவர்த்தனை நீங்கள் செய்ததா?" என்று வங்கியிலிருந்தே போன் வருகிறது. உண்மையான வங்கியா, திருடனா, எப்படிக் கண்டுபிடிப்பது? (ஈரோடு)

ப: நல்ல கேள்வி. வங்கிகள் பரிவர்த்தனை தொடர்பாகப் பேச 1600 என்று தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்று 2025இல் ரிசர்வ் வங்கி சொன்னது. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து "பாங்க் மேனேஜர் பேசறேன்" என்றாலே வைத்துவிடலாம். நிஜ வங்கிக்கு வேண்டியது ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். ஓடிபி, பின், கார்டின் பின்பக்க மூன்று எண், செயலி இறக்கச் சொல்வது, இதில் ஒன்று வந்தாலும் திருடன், 1600 எண்ணாகத் தெரிந்தாலும் திருடன்தான். சந்தேகமா? வைத்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணை நீங்களே கூப்பிடுங்கள். கூகுளில் தேடி எடுக்காதீர்கள், அங்கேயும் போலி எண்கள் கிடக்கின்றன.

கே: நிலம் விற்று 42 லட்சம் கணக்கில் வந்தது. ஆவணம் கேட்டு வங்கியிலிருந்து போன். கொடுக்க வேண்டுமா? (திருவண்ணாமலை)

ப: கிரயப் பத்திர நகலை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், முடிந்தது. பத்திரத்தில் 42 இல்லாமல் 25தான் எழுதியிருக்கிறது என்றால் உங்கள் பிரச்சினை வங்கியோடு இல்லை, ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

கே: என் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். நண்பன் கேட்டான் என்று தன் கணக்கு, ஏடிஎம் கார்டு, சிம் எல்லாம் கொடுத்திருக்கிறான். கமிஷனாக எட்டாயிரம் வாங்கினானாம். இப்போது வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லி கணக்கை முடக்கிவிட்டார்கள். ஒன்றும் தெரியாத பையன். வங்கி ஏன் முன்னாடியே எச்சரிக்கவில்லை? (கோயம்புத்தூர்)

ப: ஒன்றும் தெரியாத பையன் எட்டாயிரம் வாங்க மாட்டான் அம்மா. கடுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாதாமாதம் இதே கடிதம் வருகிறது, ஊர் பெயர் மட்டும் மாறுகிறது. இதற்குப் பெயர் மியூல் அக்கவுண்ட். திண்டுக்கல் ஆசிரியை மாதிரி யாரோ ஒருவரின் ஓய்வூதியப் பணம் முதலில் வந்து விழுவது இந்த மாதிரிப் பையன்களின் கணக்கில்தான். அங்கிருந்து சில நிமிஷத்தில் பத்துக் கணக்குக்குப் பிரிந்து, ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ வெளியே போய்விடும். திருடன் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பான். போலீஸ் கையில் கிடைப்பது உங்கள் மகன் பெயரும் ஆதாரும்தான்.

செய்ய வேண்டியது: கிளைக்குப் போய் எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்குங்கள். மீதிப் பணத்தைத் தொடவே கூடாது. நண்பனோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கக் கூடாது, பையன் முதலில் அதைத்தான் செய்ய நினைப்பான். அந்த சிம்மை உடனே நிறுத்துங்கள். ஒரு வழக்கறிஞரோடு போய் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். "இரண்டு லட்சம் கொடுத்தால் முடக்கத்தை எடுத்துத் தருகிறேன்" என்று டெலிகிராமில் ஒருவன் வருவான், அவனும் திருடன்.

ஆனால் வங்கி பற்றி நீங்கள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது, எனக்கும் பல வருடமாக வயிற்றெரிச்சல் அதுதான். பென்ஷன் வாங்கும் பெரியவர் இரண்டு லட்சம் எடுத்தால் பத்துக் கேள்வி. சரி, நல்லது, கேளுங்கள். வருமானம் இல்லை, மாணவன் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தவன் கணக்கில் ஒரு வாரத்தில் முப்பது நாற்பது லட்சம் வந்து அதே நாளில் வடிகிறதே, அதை யார் கேட்டது? அனுப்புகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், கேட்பது சுலபம். வாங்குகிறவன் திரையில் ஒரு எண். கணக்குத் திறக்க இலக்கு வைத்து ஊழியர்களை விரட்டுகிற மாதக் கடைசியில் கேஒய்சி என்பது டிக் போடும் வேலையாகிவிடுகிறது. நான் கிளையில் இருந்த காலத்திலும் இந்த இலக்குப் பைத்தியம் இருந்தது, இப்போது வீட்டிலிருந்தே வீடியோவில் கணக்குத் திறக்கலாம் என்பதால் இன்னும் வேகம். கமிஷனுக்காக மோசடிக் கும்பலுக்குக் கணக்கு திறந்து கொடுத்த வங்கி ஊழியர்களே கைதாகியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்குகளைக் கண்டுபிடிக்க மியூல்ஹண்டர் என்று ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியை ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கியிருக்கிறது, வங்கிகள் ஒவ்வொன்றாக அதில் சேர்கின்றன. நல்ல விஷயம். ஆனால் இருபது வயதுப் பையன் கணக்கில் நாற்பது லட்சம் வந்தால் ஒரு போன் செய்து கேட்க எந்தக் கருவி வேண்டும்? பணம் வெளியே போகும் வாசலில் காவலாளி, உள்ளே வரும் வாசல் திறந்து கிடக்கிறது. இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன், "வாடிக்கையாளர் அனுபவம் பாதிக்கும் சார்" என்றார் ஒரு இளம் அதிகாரி. எந்த வாடிக்கையாளருடைய அனுபவம் என்று கேட்டேன், பதில் இல்லை.

கே: டீக்கடை வைத்திருக்கிறேன். யாரோ யுபிஐயில் அனுப்பிய 1,800 ரூபாய் மோசடிப் பணமாம். மொத்தக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். (சேலம்)

ப: மேலே உள்ள பையனும் நீங்களும் ஒன்றில்லை, கவலைப்படாதீர்கள். சந்தேகத் தொகை 1,800 என்றால் அதற்கு மட்டும் லீன் (எடுக்க முடியாதபடி தடை) போட்டுவிட்டு மீதியை விடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இந்த மாதிரி வழக்குகளில் கேரள உயர் நீதிமன்றம் 2023இலும் சென்னை உயர் நீதிமன்றம் 2024இலும் சம்பந்தப்பட்ட தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயக்க விடச் சொல்லியிருக்கின்றன. கடை உரிமம், அன்றைய யுபிஐ வரவுப் பட்டியல் இரண்டையும் அந்தக் காவல் நிலையத்துக்கு மெயில் அனுப்புங்கள். 30 நாளில் வங்கி அசையவில்லை என்றால் ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதலாம். ஆனால் போலீஸ் உத்தரவால் நடந்த முடக்கம் என்பதால் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டி வரலாம்.

கே: நானே அனுப்பி ஏமாந்த 4 லட்சம். வங்கி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நஷ்டஈடு உண்டா? (புதுச்சேரி)

ப: கஷ்டம். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதி, உங்களுக்குத் தெரியாமல் பணம் போனால் மூன்று வேலை நாளுக்குள் சொல்லுங்கள், உங்கள் தப்பு இல்லையென்றால் பொறுப்பும் இல்லை என்கிறது. நீங்களே ஓடிபி போட்டு அனுப்பியது அந்தக் கணக்கில் வராது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் இப்படி ஏமாந்து அனுப்பியதற்கும் 85 ஆயிரம் பவுண்ட் வரை திருப்பித் தர வேண்டும், அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் ஆளுக்குப் பாதி. வாங்கிய வங்கியின் சட்டைப்பையிலிருந்து பணம் போனால்தான் அது விழித்துக்கொள்ளும். நீங்கள் எப்போது 1930-க்குச் சொன்னீர்கள் என்று எழுதவே இல்லை. முதல் ஓரிரு மணி நேரத்தில் சொன்னால் வாங்கிய கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் கழித்து என்றால் பெரும்பாலும் போனது போனதுதான்.

கே: சிங்கப்பூரில் போலீஸே ஒருவரின் வங்கிக் கணக்கை நிறுத்தலாமாமே? (காரைக்குடி)

ப: ஆமாம், 2025 ஜூலை முதல். ஏமாறப்போகிறவர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் பணம் அனுப்பத் துடித்தால், வேறு வழியில்லாதபோது, 30 நாள் வரை அவர் பணம் அனுப்புவதைத் தடுக்க வங்கிக்கு உத்தரவிடலாம், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். அன்றாடச் செலவுக்கு அனுமதி கேட்டு எடுக்கலாம். இங்கே வந்தால் முதல் நாளே வழக்குப் போடுவார்கள்.

கே: நான் அடிக்கடி பெரிய தொகை அனுப்புகிறவன். என்னைக் கேட்கவே கூடாது என்று வங்கியில் எழுதிக் கொடுக்க முடியுமா? (திருப்பூர்)

ப: முடியாது. உங்கள் போன் திருடு போகிற அன்றைக்குக் கேட்கச் சொல்லி நீங்களே மனு போடுவீர்கள்.

பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் நகல், கூடவே நெட்பாங்கிங் பாஸ்வேர்டையும் எழுதி "என் கணக்கு பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும்" என்று அனுப்பிய திருச்சி வாசகருக்கு: இருந்தது, நீங்கள் இதை அனுப்பும் வரை. கடிதத்தை அழித்துவிட்டேன். இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.