மொராக்கோவின் மராக்கேஷ் நகரிலிருந்து ஒரே நாளில் பெர்பர் மக்களின் மலைக் கிராமங்களுக்குப் போய்வர முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் ஒரே ஒரு பள்ளத்தாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று, நான்கு பள்ளத்தாக்குகளைக் காட்டுவதாக விற்கும் டூர்களில் பாதி நாள் வண்டியிலும், மீதி ஆர்கன் எண்ணெய்க் கடைகளிலுமே கரைந்துவிடும். முதல் முறை போகிறவர்களுக்கு அட்லஸ் மலையிலுள்ள இம்லில் கிராமம்தான் சரி.

தூரம் சுமார் 65 கி.மீ., ஒன்றரை மணி நேரப் பயணம். கிராண்ட் டாக்ஸி (ஊர்களுக்கிடையே ஓடும் ஷேர் டாக்ஸி) ஆறு பேர் சேர்ந்த பிறகே கிளம்பும். காத்திருக்க முடியாதென்றால் காலி இடங்களுக்கும் நீங்களே காசு கொடுத்துவிடலாம். நேர் வண்டி இல்லையா, வழியிலுள்ள அஸ்னி என்ற ஊரில் இறங்கி மாறுங்கள். சனிக்கிழமை அங்கே சந்தை. சிக்கல் திரும்பும்போதுதான்: சாயங்காலம் ஆட்கள் சேர மாட்டார்கள். காலை 8 மணிக்குள் புறப்பட்டு, மலைநடையை முடித்து மாலை 4 மணிக்குள் இம்லிலுக்குத் திரும்பிவிடுங்கள்.

இம்லில் 1,740 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வால்நட் மரங்களுக்கிடையே ஏறினால் ஒரு மணி நேரத்தில் அரூம்த் கிராமம். அதற்கு மேல் தூப்கால் சிகரப் பாதையில் சோதனைச் சாவடி உண்டு; வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கிராமங்களோடு திரும்புவதானாலும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்வதே நல்லது. இங்குள்ளவர்களின் மொழியான தஷெல்ஹித் பேசுகிறவர் கூட வந்தால் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேநீர் தருவதும் உண்டு.

வழியில் வாய்க்கால்களைக் கவனியுங்கள். ஓடையை மேலேயே மறித்து, மலைச்சரிவை ஒட்டியே இறக்கிக்கொண்டு வருகிறார்கள். கல்லும் மண்ணும் வைத்து அடைத்த மடையைத் திறந்தால் ஒரு பாத்திக்கு, மூடினால் அடுத்ததற்கு. தண்ணீர் முறை வைத்துத்தான். அந்த மடையை மிதித்துவிடாதீர்கள், யாரோ ஒருவருடைய முறை வீணாகும்.

பழைய வீடுகள் கல்லும் மண்ணும். கூரையில் மர உத்திரம், அதன்மேல் குச்சிகள், அதற்கும் மேல் மண். சுமை பெரிது, சுவருக்கும் கூரைக்கும் பிடிப்பு குறைவு. 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கத்தில் (அளவு 6.8) இந்த மலைப்பகுதியில் இப்படிப்பட்ட வீடுகள்தான் ஏராளமாகச் சரிந்தன. இடிந்த சுவரைப் படமெடுக்க வேண்டாம், அது ஒருவருடைய வீடு. பெண்களைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

மதியச் சாப்பாட்டை நடக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தஜின் (மண்சட்டியில் மெதுவாக வேகவைக்கும் குழம்பு) வேக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சைவமென்றால் "காய்கறி தஜின்" என்பது போதாது, இறைச்சியோடு வேகவைத்த காயும் அந்தப் பெயரில் வரலாம். இறைச்சியே சேர்க்காமல் தனியாக வேண்டும் என்று வழிகாட்டி மூலம் சொல்லுங்கள். மொராக்கோ பணமான திர்ஹாமைச் சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள்.

இந்த மலை மக்கள் தங்களை அழைத்துக்கொள்வது அமாசிக் என்று. பெர்பர் வெளியார் வைத்த பெயர். 'அசுல்' வணக்கம், 'தன்மிர்த்' நன்றி.