தபால்பெட்டியில் யார் பெயர்?

கேள்வி: என் மகன் அக்டோபரில் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறான். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டிவிட்டோம். அங்கே போய் வங்கியில் இன்னொரு கணக்கும் திறக்க வேண்டுமாம். ஒரு கணக்கு போதாதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: போதாதும்மா. நீங்கள் கட்டியது பூட்டுப்போட்ட உண்டியல். மாதம் 992 யூரோதான் அதிலிருந்து வெளியே வரும். அதுவும் மகன் பெயரில் உள்ள ஒரு சாதாரணக் கணக்குக்குத்தான் போகும். அதை அங்கே ஜிரோகோன்டோ என்பார்கள். வாடகை, மருத்துவக் காப்பீடு, போன் பில் எல்லாம் அதிலிருந்துதான் போகும்.

பல வங்கிகள் கணக்கு திறக்க முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். அந்தப் பதிவின் பெயர் அன்மெல்டுங். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். 'இவர் இங்கே குடிவந்திருக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் பதிய மாட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினாலும் நடக்காது. சாவி வாங்கும்போதே அந்தத் தாளையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம்தான் என் கதை. நான் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்குப் போன புதிதில் கணக்கு திறந்துவிட்டு, கார்டுக்காக இரண்டு வாரம் காத்திருந்தேன். வரவே இல்லை. வங்கியில் கேட்டால், "முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது" என்றார்கள். அங்கே வீட்டு எண்ணைவிடத் தபால்பெட்டியில் ஒட்டிய பெயர்தான் முக்கியம். நான் ஒட்டியிருந்தது என் பெயரை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருந்ததோ அப்பா பெயர். வங்கிக்கு நான் 'திருவாளர் அப்பா'! தபால்காரர் தேடியதும் அவரைத்தான். ஊரில் அப்பாவிடம் சொன்னபோது, "எனக்கும் ஒரு கார்டு கேட்டு வாங்குடா" என்று சிரித்தார். பெட்டியில் இரண்டு பெயரையும் ஒட்டிய பிறகு கார்டு வந்தது. ரகசிய எண் தனிக் கடிதத்தில், நாலு நாள் கழித்து வந்தது.

ஒரு வங்கி மறுத்தாலும் பயம் வேண்டாம். முறையான விசாவில் இருப்பவருக்கு 'பேசிஸ்கோன்டோ' என்ற அடிப்படைக் கணக்கு தர வேண்டும் என்று 2016 முதல் அங்கே சட்டமே இருக்கிறது. மாதக் கட்டணம் இருக்கலாம், அவ்வளவுதான்.

"உன் கணக்கில் பணம் போடுகிறேன், கமிஷன் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பு" என்று யாராவது வந்தால் மட்டும் பையன் ஓடிவிட வேண்டும். அது திருட்டுப் பணமாக இருக்கும். போலீஸ் வருவது இவனைத் தேடித்தான்.

முதல் மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் கொடுத்து அனுப்புங்கள். வீட்டு அட்வான்ஸே மூன்று மாத வாடகை வரை கேட்பார்கள். பெட்டி கட்டும்போது ஊறுகாய்க்குப் பக்கத்தில் ஒரு செல்லோடேப்பும் கறுப்பு மார்க்கரும் வையுங்கள்.