என் சொந்தக் கணினியிலேயே மென்பொருளை நீக்க ‘அனுமதி இல்லை’ என்கிறது. என்ன செய்வது?

கேள்வி கேட்டவரின் பிரச்சினை இது: வேண்டாத மென்பொருள் ஒன்றை நீக்கப் போனால் அனுமதி இல்லை என்று வருகிறது. அதன் ஃபோல்டரை அழிக்கப் பார்த்தாலும் அதே பதில்தான். கணினி அவருடையது, வேறு யாரும் தொடுவதில்லை.

ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி, ‘கடையில் கொடுத்து ஃபார்மட் பண்ணுங்கள்’, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுங்கள், என்கின்றன. அதைப் பார்த்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். நான் கணினி படித்தவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் ஆபீசிலும் சரி, சொந்தக்காரர்கள் வீட்டிலும் சரி, கணினி தகராறு செய்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நீங்கள் பழைய கணினியாக வாங்கியிருப்பீர்கள், இல்லையென்றால் கடைக்காரரே எல்லாவற்றையும் ‘செட்’ பண்ணிக் கொடுத்திருப்பார். சரிதானே? ரசீதில் உங்கள் பெயர் இருக்கும், ஆனால் விண்டோஸ் ரசீதைப் பார்ப்பதில்லை. முதலில் அதைத் திறந்து அமைத்தவரின் கணக்குதான் அதற்கு அட்மின், அதாவது எதையும் ஏற்றவும் நீக்கவும் உரிமை உள்ள கணக்கு. நீங்கள் குடிவந்துவிட்டீர்கள், சாவி இன்னும் பழைய ஆள் கையிலேயே இருக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மென்பொருளை நீக்க அழுத்தும்போது திரை மங்கி ஒரு பெட்டி வரும். 2007-இல் விஸ்டா வந்த காலத்திலிருந்து இருக்கிற பெட்டிதான் அது. அதில் ‘யெஸ்’, ‘நோ’ மட்டும் இருந்தால் நீங்கள் அட்மின். இன்னொருவர் பெயரைக் காட்டிக் கடவுச்சொல் கேட்டால் நீங்கள் வெறும் பயனர். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போனாலும் உங்கள் பெயருக்குக் கீழே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

என் அண்ணன் மகளுக்கு நடந்ததும் இதேதான். டிப்ளோமா படிக்கிறாள். பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு கடையில் அண்ணன் அவளுக்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்தார். கடையின் பெயர் வேண்டாம். அதில் காலாவதியான ஆன்டிவைரஸ் ஒன்றும், கணினியை வேகப்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு அதை நத்தையாக்கும் மென்பொருள் ஒன்றும் இருந்தன. அவள் அசைன்மென்ட் எழுத உட்கார்ந்தால் வலது மூலையில் சிவப்புப் பெட்டி எட்டிப் பார்க்கும்: ‘உங்கள் கணினியில் 1,284 பிழைகள்.’ மூடினால் போய்விடும், இரண்டு பத்தி எழுதுவதற்குள் திரும்ப வரும். நீக்கப் போனால் ‘யூசர்’ என்ற ஒரு கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த யூசர் யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அண்ணன் கடைக்குப் போன் போட்டார். “கொண்டு வாங்க, ஃபார்மட் பண்ணிடலாம், 80 வெள்ளி” என்றார்களாம் (வெள்ளி என்றால் எங்கள் ஊர் ரிங்கிட்). அவரும் கிளம்பத் தயார். நான்தான் தடுத்தேன். கடவுச்சொல் வைத்தது அவர்கள், அதைச் சொல்ல ஒரு காசும் வாங்கக்கூடாது என்று நானே போன் எடுத்தேன். எடுத்த பையன் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, “ஆண்டி, ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் போட்டுப் பாருங்க” என்றான். திறந்துகொண்டது. அந்தக் கடையிலிருந்து போன எல்லாக் கணினிக்கும் இதே கடவுச்சொல்தான் என்று நினைக்கிறேன். இதற்குத்தான் 80 வெள்ளி.

உள்ளே போனதும் மென்பொருள் பக்கம் நான் போகவில்லை. புதிதாக ஓர் அட்மின் கணக்கை உருவாக்கி அதற்கு நல்ல கடவுச்சொல் வைத்தேன். ‘யூசர்’ கணக்கின் டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே அதை நீக்கினேன், ஏனென்றால் கணக்கை நீக்கினால் அதிலிருக்கும் கோப்புகளும் போய்விடும். அண்ணன் மகளின் கணக்கைச் சாதாரணப் பயனராகவே விட்டேன். “அத்தை, என் லேப்டாப்ல நான் அட்மின் இல்லையா?” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அட்மின் கடவுச்சொல்லை அவள் கையிலேயே எழுதிக் கொடுத்தேன், ஆனால் தினசரி வேலைக்கு வேண்டாம் என்றேன். இது தேவையில்லாத கெடுபிடி என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள். ஏதாவது ஒன்றை இறக்கி யோசிக்காமல் ‘யெஸ்’ அழுத்துகிற பழக்கம் வீட்டில் யாருக்குமே இல்லையென்றால் உங்கள் இஷ்டம்.

இந்த இடத்தில் ஒரு புலம்பல். கணக்கின் பெயராக அவள் தன் பெயரை மைகார்டில், அதாவது எங்கள் அடையாள அட்டையில், இருப்பதுபோல முழுதாக, நடுவில் ஏ/பி போட்டு அடித்தாள். ஏ/பி என்றால் இன்னாரின் மகள், ஏ/எல் என்றால் இன்னாரின் மகன். விண்டோஸ் ஏற்காது. கணக்குப் பெயரில் அந்தச் சாய்கோடு கூடாது, ஃபோல்டர் பெயரிலும் கூடாது. அதைக்கூட மன்னிக்கலாம், எங்கோ அமெரிக்காவில் எழுதியது. இந்த ஊரிலேயே செய்த இணையப் படிவங்கள் ‘தவறான எழுத்து’ என்று திருப்பி அனுப்புகின்றனவே, அதற்கு என்ன சொல்வது? ஏ/எல், ஏ/பி எல்லாம் நாமாகக் கேட்டு வாங்கியதா? அடையாள அட்டையில் போட்டுக் கொடுப்பார்கள், பிறகு ‘அட்டையில் உள்ளபடியே நிரப்பவும்’ என்பார்கள், நிரப்பினால் தவறு என்பார்கள். விமான டிக்கெட்டில் கோட்டை விழுங்கிவிட்டு அந்த இரண்டு எழுத்தையும் அப்பா பெயரோடு ஒட்டிவிடுவார்கள். பிறகு பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் இதுவும் ஒன்றா என்று நாம்தான் கவுண்டரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அட்மின் ஆன பிறகும் சில மென்பொருள்கள் அசையாது. ஆன்டிவைரஸ் அப்படித்தான். வைரஸ் வந்து தன்னை அணைத்துவிடக்கூடாது என்பதற்காக அது தனக்கே காவல் போட்டுக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் அட்மினுக்கும் அனுமதி மறுப்புதான் வரும். இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நார்ட்டன், மெக்காஃபி போன்ற நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை நீக்குவதற்கென்றே தனிக் கருவியைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் ‘அன்இன்ஸ்டாலர்’ விளம்பரங்களைத் தொட்டால், ஒன்றை நீக்கப் போய் இன்னொன்றை ஏற்றிக்கொள்வீர்கள்.

வேகப்படுத்தும் அந்தப் பேர்வழிதான் நேரத்தைத் தின்றது. நீக்கினேன், போய்விட்டது போலத் தெரிந்தது. மறுபடி கணினியைத் திறந்ததும் அதே சிவப்புப் பெட்டி. இப்படிப்பட்டவை இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும். ஒன்று சர்வீசஸ் பட்டியல், அதாவது பின்னணியில் ஓடும் வேலைகளின் பட்டியல். அதில் பெயரைத் தேடி, நிறுத்தி, ‘டிசேபிள்ட்’ என்று மாற்ற வேண்டும். இன்னொன்று, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலர். நீங்கள் உள்நுழைந்த உடனே தன்னைத் திரும்ப எழுப்பும்படி அங்கே ஒரு வேலையை எழுதி வைத்திருக்கும். அண்ணன் மகளின் லேப்டாப்பில் இருந்தது இந்த இரண்டாவதுதான். அதை அழித்துவிட்டு நீக்கியபோது ஒழுங்காகப் போனது.

சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும்படி விண்டோஸைத் திறந்து, போய் நீக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். மிச்ச ஃபோல்டரை அழிக்க அது நல்ல வழி. ஆனால் விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை சேஃப் மோடில் சாதாரணமாக ஓடாது, அதனால் அதை நம்பியிருக்கும் மென்பொருள்களை அங்கே போய் முறையாக நீக்க முடியாது. இன்னொன்று, உங்கள் வட்டு விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் சேஃப் மோடுக்குப் போகும் வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். கணினியை முதலில் அமைத்தவர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு அமைத்திருந்தால் அந்த எண் அவருடைய கணக்கில்தான் கிடக்கும். முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோல்டர் அழியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. பழைய கணினியின் வட்டைக் கழற்றி மாட்டினால், அதில் உள்ள கோப்புகள் பழைய கணக்கின் பேரிலேயே இருக்கும். உரிமையாளர் இடத்தில் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீள எண் ஒன்று தெரியும். ஃபோல்டரை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போனால் மேலே ‘ஓனர்’ இருக்கும். அதை உங்கள் கணக்குக்கு மாற்றி, உள்ளே இருப்பவற்றுக்கும் பொருந்தும் என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். அப்புறம் அதே செக்யூரிட்டி பக்கத்தில் உங்களுக்கு ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற பெயர் உரிமையாளராக இருந்தால் அது விண்டோஸின் சொந்தக் கோப்பு, கையை எடுத்துவிடுங்கள். சி டிரைவ் முழுக்க உரிமையை மாற்றச் சொல்லும் யூடியூப் வீடியோக்களை நம்பினால் கடைசியில் ஃபார்மட்டில்தான் போய் நிற்பீர்கள்.

வேலையிடத்து லேப்டாப் என்றால் இது எதையும் செய்யாதீர்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் சிலர் என்னிடமே கொண்டு வந்து கேட்டிருக்கிறார்கள். அது உங்கள் கணினி இல்லை, ஐடி ஆளிடம் கேளுங்கள்.

கடைக்காரர் கடவுச்சொல்லைக் கடைசி வரை தரவே இல்லை என்றால், அப்போது மட்டும் ரீசெட் செய்து விண்டோஸை முதலிலிருந்து அமைக்கலாம். உங்கள் கோப்புகளை முதலில் வேறு வட்டுக்கு எடுத்துவிடுங்கள். கடையிலேயே செய்வதானால் கூட நின்று, முதல் கணக்கை உருவாக்கும் பக்கம் வரும்போது கீபோர்டை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.